மெட்டபாலிக் எலும்பு நோய்கள்: கால்சியத்தை விடுங்க, பாஸ்பேட்டைப் பிடிங்க

எம்.எஸ். ஆர்த்தோ (எலும்பு அறுவை சிகிச்சை மேற்படிப்பு) ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். வாழ்த்துச் சொல்லும் கையோடு ஜூனியர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, மெட்டபாலிக் போன் டிசீஸை (கால்சியம், பாஸ்பேட், வைட்டமின் டி கோளாறுகளால் வரும் எலும்பு நோய்களை) எப்படிப் படிச்சீங்க?" டிராமா, ஸ்பைன், ட்யூமருக்கெல்லாம் ஆளாளுக்கு நோட்ஸ் வைத்திருக்கிறார்கள். இதை மட்டும் எண்டோகிரைன்காரர்கள் (ஹார்மோன் டாக்டர்கள்) பாடு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்காதீங்க. எனக்கு இது தியரியில் வந்தது, ஷார்ட் கேஸில் (நோயாளியைப் பரிசோதித்துச் சொல்லும் தேர்வில்) வந்தது, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எக்ஸ்ரேயாகவும் வந்தது. என்னைக் கரை சேர்த்ததே இந்தப் பாடம்தான்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் கால்சியத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் பாஸ்பேட்டைப் பாருங்கள். வைட்டமின் டி குறைந்தால் பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) ஏறும். அது எலும்பைக் கரைத்தாவது ரத்தத்தில் கால்சியத்தை நிலைநிறுத்தப் பார்க்கும், கூடவே சிறுநீரில் பாஸ்பேட்டை வெளியே தள்ளும். அதனால் ஆஸ்டியோமலேசியாவில் (எலும்பு மெதுவாகிப்போகும் நோயில்) கால்சியம் நார்மலாக இருந்து ஏமாற்றலாம். பாஸ்பேட் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு மனப்பாடம் நிற்காது, காரணம் புரிந்தால்தான் நிற்கும். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தைச் சாயங்காலம் சுற்றி வரும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டது இவ்வளவுதான்:

பாஸ்பேட் குறைவா? பி.டி.எச். பாருங்கள். அது கூடி, கால்சியமும் கூடியிருந்தால் பிரைமரி ஹைப்பர்பாராதைராய்டிசம் (பாராதைராய்டு சுரப்பியே அதிகம் சுரப்பது). அது கூடி, கால்சியம் குறைவோ நார்மலோ என்றால் வைட்டமின் டி பற்றாக்குறை. பி.டி.எச். பெரிதாக ஏறவில்லை, வைட்டமின் டி-யும் போதுமான அளவு இருக்கிறது என்றால் சிறுநீரகம் பாஸ்பேட்டை ஒழுகவிடுகிறது. பெக்ஸ் ஜீன் கோளாறால் பரம்பரையாக வரும் எக்ஸ் லிங்க்டு ரிக்கெட்ஸ், எஃப்.ஜி.எஃப்.23 (பாஸ்பேட்டை வெளியேற்றும் ஹார்மோன்) சுரக்கும் சின்னக் கட்டி, டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையால் வரும் ஃபான்கோனி (சிறுநீரகக் குழாய்க் கோளாறு) எல்லாம் இங்கே வரும்.

பாஸ்பேட் கூடுதலா? முதலில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பாருங்கள். அது கூடியிருந்தால் ரீனல் ஆஸ்டியோடிஸ்ட்ரோஃபி (சிறுநீரகச் செயலிழப்பால் வரும் எலும்பு நோய்), எக்ஸ்ரேயில் ரக்கர் ஜெர்சி ஸ்பைன் (ரக்பி சட்டை போலக் கோடு கோடான முதுகெலும்பு).

பாஸ்பேட் நார்மலா? ஏ.எல்.பி. (ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற என்சைம்) பாருங்கள். அதுவும் நார்மல் என்றால் ஆஸ்டியோபொரோசிஸ் (எலும்பு அடர்த்தி குறைவது). எகிறியிருந்தால் பேஜட் (எலும்பு தாறுமாறாகக் கரைந்து வளரும் நோய்). குறைவென்றால் ஹைப்போபாஸ்பட்டேசியா (அந்த என்சைமே குறைவாக இருக்கும் பரம்பரை நோய்).

குழந்தைகளுக்குப் பாஸ்பேட்டும் ஏ.எல்.பி.யும் இயல்பாகவே கூடுதல் என்பதை மறக்காதீங்க. புதிதாக எலும்பு முறிந்திருந்தாலும் ஏ.எல்.பி. ஏறும்.

ஷார்ட் கேஸில் எனக்குக் கிடைத்தது பீடி சுற்றும் ஒரு அம்மா. "டாக்டரம்மா, தரையில உக்காந்தா எந்திக்க முடியல, செவுத்தப் புடிச்சுதான் எந்திக்கேன்" என்றார். ப்ராக்ஸிமல் மயோபதி (இடுப்பு, தொடைத் தசை பலவீனம்) என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது. இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்தார். எக்ஸ்ரேயில் தொடை எலும்புக் கழுத்தின் உள்பக்கம் லூசர் கோடு (ஆஸ்டியோமலேசியாவின் அடையாளமான போலி முறிவு). "இந்த வெயிலில் வைட்டமின் டி எப்படியம்மா குறையும்?" என்று எக்ஸாமினர் கேட்டார். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் போய்ப் பார்த்தவர்களுக்கு இது கேள்வியே இல்லை. மடியில் சொளவை வைத்துக்கொண்டு பகல் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். வெயில் வாசலோடு நின்றுவிடுகிறது. கருத்த தோலுக்கு வெயில் இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். சாப்பாட்டில் கால்சியமும் குறைவு. இந்தப் பெண்களைப் பல வருஷம் மூட்டு வலி, இடுப்பு வலி என்று வலி மாத்திரை கொடுத்தே அனுப்பிவிடுகிறார்கள். வயிறு எரிகிறது. ஒரு பாஸ்பேட், ஒரு ஏ.எல்.பி., அவ்வளவு போதும் சந்தேகப்பட.

சிகிச்சையைக் காரணத்தோடு சேர்த்தே எழுதுங்கள். தனித் தலைப்பாகப் பிரித்தால் மார்க் சிதறும்.

- வைட்டமின் டி பற்றாக்குறை: 60,000 யூனிட் வாரம் ஒன்று, 8 வாரம், கூடவே கால்சியம். டெக்ஸாவில் (எலும்பு அடர்த்தி ஸ்கேனில்) இங்கேயும் டி ஸ்கோர் (அடர்த்தி மதிப்பெண்) மைனஸ் 2.5-க்குக் கீழே போகும். அதைப் பார்த்து ஆஸ்டியோபொரோசிஸ் என்று பிஸ்பாஸ்போனேட் (எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்து) எழுதினால் கால்சியம் சரியும். எக்ஸாமினர்கள் காத்திருக்கும் பள்ளம் இதுதான்.
- சிறுநீரகச் செயலிழப்பு: வைட்டமின் டி-யைச் செயல்பட வைக்கும் 1-ஆல்ஃபா ஹைட்ராக்ஸிலேஷன் நடக்காது, அதனால் நேரடியாகச் செயல்படும் கால்சிட்ரையால். குடலிலேயே பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் பாஸ்பேட் பைண்டரும் வேண்டும்.
- எக்ஸ் லிங்க்டு: பாஸ்பேட்டைப் பல வேளையாகப் பிரித்து, கால்சிட்ரையாலோடு. பாஸ்பேட் மட்டும் கொடுத்தால் பி.டி.எச். ஏறும். எஃப்.ஜி.எஃப்.23-ஐத் தடுக்கும் புரோசுமாப் பெயரையும் எழுதிவிடுங்கள்.
- பாராதைராய்டு அடினோமா (பிரைமரி ஹைப்பர்பாராதைராய்டிசத்துக்குக் காரணமான கட்டி): எடுத்துவிட வேண்டும். மறுநாளே ஹங்ரி போன் (எலும்பு கால்சியத்தை வேகமாக உறிஞ்சுவது) வரலாம், கால்சியத்தைக் கண்காணியுங்கள்.
- பேஜட்: சோலெட்ரோனேட் (ஒரு பிஸ்பாஸ்போனேட்) 5 மி.கி., ஒரே ஊசி.
- வளைந்த காலை நிமிர்த்தும் ஆஸ்டியோட்டமி: ரத்த அளவுகள் சீரான பிறகுதான். ஆர்த்தோக்காரர்களிடம் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

ஆஸ்டியோபொரோசிஸ் மருந்துகள் உங்களுக்கே தெரியும். அலென்ட்ரோனேட் 70 மி.கி. வாரம் ஒருமுறை, வெறும் வயிற்றில், விழுங்கிய பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. அப்புறம் டெனோசுமாப். 6 மாதத்துக்கு ஒரு ஊசி என்பதோடு நிறுத்திவிடாதீங்க. ஊசியைப் பாதியில் விட்டால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கலாம், நிறுத்துவதானால் பிஸ்பாஸ்போனேட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். வைவாவில் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதைத்தான்.