பத்தொன்பது நாள் இடைவெளியில் ஒரே அம்பயர்

பேஸ்பால் அம்பயர் ஹாங்க் ஓடே அன்று அவுட் கொடுத்தது சரிதான். விதிப்புத்தகத்தில் அதற்கு வேறு பதில் கிடையாது. ஆனாலும் 1908 செப்டம்பர் 23 சாயங்காலத்தை நினைக்கும்போதெல்லாம், சரி என்று சொல்லி முடித்த கையோடு இன்னொரு கேள்வி வந்து நிற்கிறது: அப்படியானால் செப்டம்பர் 4?

போலோ கிரவுண்ட்ஸில் நியூயார்க் ஜயன்ட்ஸும் சிகாகோ கப்ஸும். ஒன்பதாவது இன்னிங்ஸின் பிற்பாதி, ஜயன்ட்ஸ் அடிக்கும் முறை, இரண்டு அவுட் (மூன்றானால் முறை முடிந்தது), 1–1. அடித்தவர் மூன்று பேஸ்களையும் வரிசையாகத் தொட்டு, புறப்பட்ட ஹோமுக்கே திரும்பினால் ஒரு ரன். மூன்றாவது பேஸில் மெக்கார்மிக். முதல் பேஸில் 19 வயது ஃப்ரெட் மெர்க்கல். வழக்கமாக ஆடும் டெனிக்கு இடுப்புவலி என்பதால் அன்று கிடைத்த இடம். பிரிட்வெல் அடித்த பந்து இரண்டாவது பேஸைத் தாண்டிப் போனது, மெக்கார்மிக் ஹோம் வந்து சேர்ந்தார், ஜனம் மைதானத்தில் இறங்கிவிட்டது. இரண்டாவது பேஸை நோக்கி ஓடிய மெர்க்கல் அதைத் தொடாமலே கிளப்ஹவுஸ் பக்கம் திரும்பிவிட்டார்.

அடித்தவர் முதல் பேஸுக்கு வருவதால், அங்கே நின்றவர் அடுத்ததைத் தொட்டே ஆகவேண்டும். அதற்குள் எதிரணிக்காரர் பந்தோடு அந்த பேஸை மிதித்தால் ஃபோர்ஸ் அவுட். அதுவே மூன்றாவது அவுட்டாகவும் இருந்தால், மெக்கார்மிக் எவ்வளவு முன்னால் ஹோம் வந்திருந்தாலும் ரன் செல்லாது. கிரிக்கெட்டில் ஓடும்போது ஒருவர் ரன் அவுட் ஆனால் அந்த ஓட்டம் கணக்கில் சேராதே, கிட்டத்தட்ட அதே நியாயம். ஆனால் கடைசி ரன் விழுந்ததும் அப்படியே கிளப்ஹவுஸுக்கு ஓடுவதுதான் அன்றைய நடைமுறை. போலோ கிரவுண்ட்ஸில் கூட்டம் மைதானத்தைக் கடந்துதான் வெளியேறும். சுணங்கினால் நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

செப்டம்பர் 4 அன்று பிட்ஸ்பர்க்கில் இதே கதை நடந்திருந்தது. பைரட்ஸுக்கும் கப்ஸுக்கும் ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், 0–0. பைரட்ஸின் ஃப்ரெட் கிளார்க் ஹோம் வந்தார். முதல் பேஸிலிருந்த வாரன் கில் இரண்டாவதைத் தொடாமல் திரும்பினார். கப்ஸின் ஜானி எவர்ஸ் பந்தை வாங்கி பேஸில் நின்று அவுட் கேட்டார். அம்பயர் ஓடே ஒருவர்தான். நான் பார்க்கவில்லை என்றார். ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாவது பேஸ் குறுக்கே 127 அடி. ஒற்றை ஆள் பந்தைப் பார்ப்பாரா, ஹோமைப் பார்ப்பாரா, அடித்தவரைப் பார்ப்பாரா? பார்க்காததற்கு அவுட் கொடுக்க முடியாது. கப்ஸ் முறையிட்டது, லீக் தலைவர் ஹாரி புல்லியம் தள்ளிவிட்டார்.

23ஆம் தேதி அம்பயர்கள் இரண்டு பேர். பேஸ்களைக் கவனிக்க வேண்டிய பாப் எம்ஸ்லி, பிரிட்வெல் அடித்த பந்து மேலே படாமலிருக்கத் தரையில் விழுந்துவிட்டார். மெர்க்கலை அவர் பார்க்கவில்லை. ஓடே பார்த்திருந்தார். எவர்ஸ் இம்முறையும் பந்தோடு இரண்டாவது பேஸில் நின்று கேட்க, மெர்க்கல் அவுட் என்றார் ஓடே. பிட்ஸ்பர்க் நடந்திருக்காவிட்டால் அந்தப் பக்கம் கண் போயிருக்குமா? தான் தவறவிட்டதை அடுத்த முறை தவறவிடாமல் பார்ப்பது நல்ல வேலைக்காரனின் லட்சணம். அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இருக்கிறது. கில் விஷயத்தில் புகார் தள்ளுபடியானபோது ஆட்டக்காரர்கள் என்ன புரிந்துகொண்டிருப்பார்கள்? பழைய வழக்கமே செல்லும் என்றுதானே? சரி, விதி விதிதான், பேஸுக்கு பேஸ் 90 அடி, ஓடித் தொட்டிருக்கலாம். எவர்ஸ் கையிலிருந்தது ஆட்டத்தில் இருந்த பந்தே அல்ல, அதை ஜயன்ட்ஸின் மெக்கினிட்டி பிடுங்கிக் கூட்டத்துக்குள் எறிந்துவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையானால் அதுவே குறுக்கீடு, அதற்கும் அவுட்தான். இப்படி எந்தப் பக்கம் இழுத்தாலும் ஓடேயின் கை ஓங்கிக்கொண்டே போகிறது. எனக்கு உறுத்துவதும் அதுதான்.

அவுட் என்றால் 1–1, பத்தாவது இன்னிங்ஸ் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. மைதானம் முழுக்க ஆட்கள், இருட்டும் நேரம். வெற்றி எங்களுக்கே என்றது ஜயன்ட்ஸ், கூட்டத்தை அடக்காததற்கு ஆட்டத்தை எங்களுக்கே கொடு என்றது கப்ஸ். யாருக்கும் இல்லாமல் சமன் என்று நின்றது. இங்கேதான் விதிப்புத்தகம் சற்றே மூடிக்கொண்டதோ என்று தோன்றும்.

கடைசியில் இரு அணிகளும் சமமாக நின்றதால் அக்டோபர் 8 மறு ஆட்டம்; அதில் ஜயன்ட்ஸின் பிட்சர் (பந்து வீசுபவர்) மேத்யூசனை எதிர்த்து கப்ஸ் 4–2 என்று ஜெயித்தது. சீசன் முடிவில் கப்ஸ் 99 வெற்றி, ஜயன்ட்ஸ் 98, பைரட்ஸ் 98. பழி முழுக்க மெர்க்கல் தலையில். கடைசி வாரத்தில் ஃபிலடெல்ஃபியாவின் புதுப் பிட்சர் ஹாரி கோவலெஸ்கி ஒருவரிடமே ஜயன்ட்ஸ் மூன்று முறை தோற்றது. அதில் ஒன்றை ஜெயித்திருந்தால் மறு ஆட்டமே தேவைப்பட்டிருக்காது. மெக்கார்மிக்கை மூன்றாவது பேஸ்வரை கொண்டுபோனதும் மெர்க்கலின் அடிதான். மேனேஜர் மெக்ரா அந்தப் பையனைக் கைவிடவில்லை என்பது ஒரு ஆறுதல்.

ஓடே 23ஆம் தேதியும் பார்க்கவில்லை என்றே சொல்லியிருக்கலாம். அது பொய்யாகியிருக்கும். பைரட்ஸின் 98 வெற்றிகளில் செப்டம்பர் 4ஆம் தேதியதும் ஒன்று. வாரன் கில் அந்த ஒரு சீசனோடு பெரிய லீகிலிருந்து போய்விட்டார். அவரை யாரும் எதற்கும் திட்டவில்லை.