எருக்கம்பஞ்சு: அக்டோபர், நவம்பர் குறிப்புகள்

அக்டோபர் 5, ஞாயிறு

இரவு ஏழரைக்கு மகன் அமெரிக்காவின் மேடிசனிலிருந்து அழைத்தான். அங்கே காலை ஒன்பது மணி. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறிவிட்டானாம். 1973 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் அந்த வகுப்பில் தேறாமல் விஸ்கான்சினில் வேட்டை உரிமம் வாங்க முடியாதாம். உடன் வேலை செய்கிற ஒருவருக்கு ஓக் மரங்கள் நிறைந்த நிலம் இருக்கிறது. நவம்பர் 22 முதல் ஒன்பது நாள் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம். "தாத்தாகிட்ட கொடும்மா, எங்கே ஆரம்பிக்கணும்னு கேக்கணும்" என்றான்.

அப்பாவுக்குப் பேசினாலே மூச்சு வாங்குகிறது என்பதை அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைபேசியை அவர் காதருகே பிடித்தேன். துப்பாக்கி எது, குண்டு எது என்று எதையும் அவர் கேட்கவில்லை. "அங்க இப்ப என்ன காய் உதிருது?" என்பதுதான் முதல் கேள்வி. ஓக் காய் என்றான் அவன். எல்லா ஓக்கும் ஒன்றா என்று கேட்டார். வெள்ளை ஓக்கின் காயில் துவர்ப்புக் குறைவு, சிவப்பு ஓக்கில் அதிகம் என்று மகன் எங்கோ படித்ததைச் சொன்னதும் அப்பாவின் முகம் தெளிந்தது. நம் மலையில் நெல்லி உதிரும் காலத்தில் புள்ளிமான் அதை அப்படியே விழுங்கிவிட்டு, நிழலில் படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடும், ஆகவே நெல்லி மரத்தடியில் மான் தின்ற இடம் தெரியும், கொட்டை கிடக்கிற இடத்தில் மான் படுத்த இடம் தெரியும், இரண்டுக்கும் நடுவே உள்ள தடத்தைக் கண்டுபிடிப்பதுதான் உன் வேலை என்று, மூன்று முறை நிறுத்தி நிறுத்திச் சொல்லி முடித்தார்.

அக்டோபர் 6, திங்கள்

உப்பைக் குறைக்கச் சொன்னது மருத்துவர். பழி என் மேல்.

அக்டோபர் 9, வியாழன்

நேற்றிரவு நல்ல மழை. தடம் என்றால் என்னவென்று எனக்கே தெரியாமல் மகனுக்கு நான் எதைக் கடத்துவது என்று தோன்றியதால், காலையில் காப்பித் தோட்டத்தின் கீழ்ப்பாதையில் இறங்கி, கண்ணில் பட்ட குளம்புக் குறியையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். அப்பா கண்ணாடியை மாட்டி ஒவ்வொன்றாகத் தள்ளினார். அகலமாகவும் ஆழமாகவும் இருந்தது காட்டுமாடு. முனை மழுங்கியிருந்தது பக்கத்து வீட்டு வெள்ளாடு. கடைசிப் படம் ஒன்றை மட்டும் நெடுநேரம் வைத்துப் பார்த்தார். இரண்டு குளம்பும் முன்னால் கூராகக் குவிந்து, நெல்மணியை நடுவே கீறியது போல் இருந்தது.

"எத்தனை மணிக்குப் போச்சு?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? மழை எப்போது விட்டது என்று கேட்டார். நான்கு மணிவாக்கில் என்றேன். குறியின் ஓரம் கூராக நிற்கிறது, உள்ளே மழைத்துளி விழுந்த பள்ளம் எதுவும் இல்லை, அப்படியானால் மழை விட்ட பிறகுதான் போயிருக்கிறது என்றார். புழுக்கை கிடந்ததா, அதில் ஈரப் பளபளப்பு இருந்ததா, விரலால் நசுக்கிப் பார்த்தாயா என்று அடுக்கிக்கொண்டே போனார். நசுக்கவில்லை என்றதும் அவருக்கு ஏமாற்றம். அறுபதைத் தாண்டிய மகளை இந்த வயதில் புழுக்கை நசுக்கச் சொல்லும் தகப்பன் ஏற்காட்டில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மகனுக்கு எழுதி அனுப்பியது: தடத்தின் மேல் நடக்காதே, பக்கத்தில் நட. ஒரு தடம் என்பது ஒரு மான் போனதற்குத்தான் சாட்சி. ஒரே பாதையில் புதியதும் பழையதும் கலந்து கிடந்தால்தான் அது தினசரி வழி. ஆண் மான் கொம்பைத் தேய்த்துப் பட்டை உரித்த சிறு மரங்கள் வரிசையாக இருந்தால் அந்த வரிசையை வரைந்து வை. பார்க்கப் போகிறேன் என்று அடிக்கடி போகாதே. நீ அதைப் படிக்கிற நேரத்தில் அது உன்னைப் படித்துவிடும்.

கடைசி வாக்கியம் அப்பாவுடையது. கால்களில் வீக்கம் ஏறியிருக்கிறது. அழுத்தினால் விரல் பதிந்த குழி நிற்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

அப்பாவுக்கு இன்று எருக்கம்பஞ்சு வேண்டுமாம்.

காற்று பார்ப்பது பற்றி மகன் கேட்டிருந்தான். சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி, தீப்பெட்டி நிறைய எருக்கம்பஞ்சு, அதுதான் அந்தக் காலத்து வழக்கம் என்றார். பீடிச் சாம்பலும் காற்றைக் காட்டும், ஆனால் பீடியே வாசனை. மண்ணை உதிர்த்துப் பார்த்தால் காலடிக் காற்று மட்டும் தெரியும். ஒரு இழைப் பஞ்சோ கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மிதந்து போய், பள்ளத்தில் காற்று எங்கே திரும்புகிறது, எங்கே சுழல்கிறது என்பதையெல்லாம் எழுதிக் காட்டிவிடும். மலை ஏறும் சாலையில் அடிவாரத்துக்குச் சற்று மேலே எருக்கு நிற்பது எனக்குத் தெரியும். பேருந்தில் இறங்கிப் போய், வெடித்திருந்த இரண்டு காய்களைப் பறித்து, மழைக்கு முந்தானையில் மறைத்து எடுத்து வந்தேன்.

மறக்குமுன் எழுதி வைக்கிறேன். மாலை ஐந்தே முக்காலுக்குத் திண்ணையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு இழையை விட்டேன். அது எழும்பவில்லை, படிகளில் இறங்கும் குழந்தையைப் போல மெதுவாகச் சரிவைப் பிடித்துக் கீழே போனது. வெயில் இறங்கியதும் குளிர்ந்த காற்று பள்ளத்துக்கு இறங்கும், காலையில் வெயில் சரிவைச் சுட்டதும் மேலே ஏறும் என்றார். ஆகவே மாலையில் மானுக்குக் கீழே இரு, காலை வெயில் ஏறிய பிறகு மேலே இரு. இவ்விரண்டும் மாறுகிற அந்த ஒரு மணி நேரத்தில் காற்று எவன் பேச்சையும் கேட்காது, அப்போது அசையாமல் இரு.

மகனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். அங்கேயும் வேட்டைக்காரர்கள் எருக்கின் உறவான ஒரு பால்செடியின் பஞ்சைத்தான் பையில் வைத்துக்கொள்கிறார்களாம். அதன் காய்கள் இப்போதுதான் வெடிக்கத் தொடங்கியிருக்கின்றனவாம். இதைக் கேட்ட அப்பாவுக்கு வந்த சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

இரவெல்லாம் மூன்று தலையணை வைத்தும் அவரால் சாய முடியவில்லை. விடியுமுன் வாடகைக் கார் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வந்தோம். சேலம் முழுக்க வெடிப்புகை. மருத்துவமனையில் படுக்கை கிடைக்கும் வரை மூன்று மணி நேரம் சக்கர நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். அவரோ அங்கிருந்த மின்விசிறியைக் காட்டி, "நம்ம வாசனை அந்தக் கதவுப் பக்கம் போகுது" என்றார்.

அக்டோபர் 22, புதன்

ஊசி போட்டதில் நீர் பிரிந்திருக்கிறது. ஆக்சிஜன் 91.

அக்டோபர் 28, செவ்வாய்

இன்று மகன் கேட்டதை அப்பாவிடம் நான் கேட்கவே இல்லை. கொம்புள்ள ஆண் எப்போது வெளியே வரும் என்று கேட்டிருந்தான். நம் புள்ளிமானில் எந்த மாதமும் ஏதாவது ஒரு ஆண் முற்றிய கொம்போடு திரியும். அங்கே உள்ள வெள்ளைவால் மானுக்கு நவம்பர்தான் இணைசேரும் உச்சம், குளிர்காலம் போவதற்குள் கொம்பு விழுந்துவிடும். இதை நானே படித்து அனுப்பினேன். ஒரு நாள் பேசாமல் தூங்கட்டும்.

நவம்பர் 1, சனி

பரணைப் பற்றித்தான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். மகன் படம் அனுப்பியிருக்கிறான்: ஓக் மரத்தில் ஏணியோடு கட்டிய இரும்பு இருக்கை, தரையிலிருந்து பதினைந்து அடி. குண்டு பட்டு விழுகிறவர்களைப் பற்றித்தான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன். பரணிலிருந்து விழுவதுதான் அங்கே வேட்டைக்காரர்களுக்கு நேரும் பெரிய விபத்து என்று இப்போது தெரிகிறது. உடம்பு முழுவதையும் தாங்கும் பட்டையைத் தரையிலேயே மாட்டி, ஏறும்போதும் இறங்கும்போதும் உயிர்க்கயிற்றோடு இணைத்திருக்க வேண்டும். மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவன்தான் விழுகிறான். துப்பாக்கியைக் கையில் பிடித்து ஏறக் கூடாது; குண்டை எடுத்துவிட்டுக் கீழே வைத்து, பிறகு கயிற்றில் மேலே இழுக்க வேண்டும்.

மூன்று முறை எழுதி அனுப்பிவிட்டேன். "சரிம்மா" என்று மூன்று முறை பதில் வந்தது. இந்தச் "சரிம்மா"வை நான் பள்ளிக்கூட நாளிலிருந்து அறிவேன்.

அப்பாவின் கவலை வேறு. இடுப்புக்கு மேல் பாதிக்குக் குறையாமல் பளீர் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ அணிய வேண்டும் என்பது அங்கே சட்டம் என்றதும், மான் ஓடிவிடாதா என்றார். மானுக்கு நீலம் நன்றாகத் தெரியும், ஆரஞ்சு அதன் கண்ணுக்குத் தனித்துத் தெரியாது, மனிதன் கண்ணுக்கு மட்டும் பளிச்சிடும் என்று விளக்கினேன். ஆனால் சலவைத்தூளில் வெளுப்புக்காகச் சேர்க்கும் பொருள் மானின் கண்ணுக்கு ஒளிருமாம். அப்பா தம் காக்கிச் சட்டையை உவர்மண்ணில் மட்டுமே துவைத்து வைத்திருந்தது இதற்காகத்தானா என்றால், அது வாசனைக்காக என்கிறார். காரணம் ஒன்றாக இருந்தாலும் இரண்டாக இருந்தாலும் சட்டை ஒன்றுதான்.

நவம்பர் 2, ஞாயிறு

இன்றிலிருந்து அவனுக்கும் நமக்கும் இடையே பதினொன்றரை மணி நேரம்.

நவம்பர் 8, சனி

என்னிடம் இதுவரை சொல்லாததை இன்று சொன்னார்.

எங்கே சுட வேண்டும் என்று மகன் கேட்டிருந்தான். மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். நுரையீரலும் இதயமும் அங்கேதான். நேராக உன்னைப் பார்த்து நின்றால் சுடாதே, ஓடினால் சுடாதே, பின்னால் வானமோ வீடோ தெரிந்தால் சுடவே சுடாதே. இதுவரை தெளிவாகச் சொன்னார். சுட்ட பிறகு என்ன செய்வது என்று கேட்டபோதுதான் நிறுத்தினார்.

உரிமம் வைத்திருந்த காலம். எனக்கு அப்போது இரண்டு வயதாம். மஞ்சு மூடிய மாலையில் ஒரு கடமானைச் சுட்டார். அது முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்து போயிற்று. கூனி நடந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவைக்க வேண்டும் என்பதும் தெரியும். இருட்டிவிடுமே என்ற ஆத்திரத்தில் பத்தே நிமிடத்தில் பின்னால் போனார். படுத்திருந்த இடத்திலிருந்து அது எழுந்து ஓடிற்று. சிறிதளவு இரத்தம், அதில் பச்சை கலந்த கசடு, பிறகு எதுவும் இல்லை. நான்கு நாள் தேடினார். மூன்றாம் நாள் கழுகு சுற்றுகிறதா என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1991ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டையை முழுவதும் தடுத்தது; அப்பா துப்பாக்கியை ஒப்படைத்ததும் சட்டத்துக்குப் பயந்துதான் என்று வீட்டில் எல்லோரும் பேசிக்கொள்வோம். இன்று அவர் சொன்ன கணக்குப்படி, சட்டம் வருவதற்கு ஆறு வருடம் முன்பே அந்தத் துப்பாக்கி பரண்மேல் ஏறிவிட்டது.

மகனுக்கு அனுப்பியது: அம்பு போல் ஓடி விழுந்தாலும் அரை மணி நேரம் இறங்காதே. கடைசியாக அதைப் பார்த்த இடத்தை ஒரு மரத்தை அடையாளம் வைத்து மனத்தில் குறித்துக்கொள். இரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், அருகிலேயே கிடக்கும். கறுஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், சில மணி நேரம் விடு. பச்சையோ நாற்றமோ இருந்தால் திரும்பிப் போய்விடு, விடிந்த பின் வா.

நவம்பர் 11, செவ்வாய்

அதிகாலை இருமலில் வந்தது இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தது. அவர் கிண்ணத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். செவிலியரை அழைக்க ஓடினேன்.

நவம்பர் 12, புதன்

தீவிர சிகிச்சைப் பிரிவு. காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் பார்க்கலாம்.

நவம்பர் 16, ஞாயிறு

பொதுப் படுக்கைக்கு வந்துவிட்டார். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான். கஞ்சியில் உப்பு இல்லை. கடமானுக்கு உவர்நிலம் எப்படி என்று இப்போதுதான் புரிகிறது என்றார். பேசினாரே என்று எனக்கு அழுகை வந்தது. மகன் இருக்கும் பகுதியில் உப்புக் கட்டியோ தீனியோ வைத்து மானை வரவழைக்கக் கூடாது. மானை உருக்கிக் கொல்லும் ஒரு நோய் அங்கே 2002இல் கண்டறியப்பட்டது. உப்பு நக்கும் இடத்தில் கூடினால் அது பரவும். சுட்ட மானின் தலையிலிருந்து நிணநீர் முடிச்சை எடுத்துச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும் வரை கறியைத் தனியே உறையவைக்க வேண்டும், நோய் இருந்தால் உண்ணக் கூடாது. இதை மட்டும் அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நவம்பர் 21, வெள்ளி

தீப்பெட்டியில் மிச்சமிருந்த பஞ்சைத் தலைமாட்டில் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

நவம்பர் 22, சனி

அங்கே சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து சுடலாம். நமக்கு அது மாலை ஆறு மணி. ஐந்து இருபதுக்குச் செய்தி வந்தது: "ஏறிட்டேன். பட்டை தரையிலேயே மாட்டினேன்." அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஏழரைக்கு மறு செய்தி: ஒரு பெட்டை வந்து நாற்பது அடியில் நின்றதாம், அதற்குப் பின்னால் மரங்களுக்கு இடையே ஒரு கொட்டகையின் கூரை தெரிந்ததாம், சுடவில்லையாம். அப்பா முகமூடிக்குள் ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன். காற்று எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்கச் சொன்னார்.

நவம்பர் 23, ஞாயிறு

ஆறே முக்காலுக்கு அழைத்தான், குசுகுசுவென்று. சுட்டுவிட்டான். பக்கவாட்டில் நின்றது, குதித்து ஓடியது, வெள்ளை வால் தூக்கவில்லை, பள்ளத்தருகே இரட்டை ஓக்குக்குப் பின்னால் மறைந்தது. அங்கிருந்தே ஏதோ முறியும் ஓசை கேட்டதாம். கை நடுங்குகிறது, இறங்கட்டுமா என்று கேட்டான்.

அப்பா ஒரு மணி நேரமாகத் தூங்குகிறார். எழுப்ப வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அரை மணி நேரம் இறங்காதே என்றேன். அழைப்பைத் துண்டிக்காமல் இருவரும் பேசாமல் இருக்கிறோம். கைபேசியில் அங்கே ஏதோ ஒரு பறவை கத்துவது கேட்கிறது. இங்கே முகமூடியில் காற்று ஏறி இறங்குகிறது. மணி 6.57. இன்னும் பதினெட்டு நிமிடம் இருக்கிறது.