தங்கையுடன் குழந்தைகள் நலக்குழுவுக்குப் போன நாட்கள்

தங்கையின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். திருமணம் ஆகாமல், 20 வயதில் அவளுக்குக் குழந்தை பிறந்தது. காரணமானவன் ஏழாம் மாதத்திலேயே கைப்பேசி எண்ணை மாற்றிக்கொண்டு போய்விட்டான். தன்னால் வளர்க்க முடியாது என்று அவள் சொன்னபோது எங்கள் வீட்டில் யாருக்கும் சட்டம் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம்தான். இரவோடு இரவாகத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றாள்.

பிரசவம் நடந்த இடத்தில் வேலை பார்த்த ஒருவர் இன்னும் மோசமான வழியைக் காட்டினார். “நல்ல குடும்பம் ஒன்று இருக்கிறது, செலவையும் அவர்களே கட்டிவிடுவார்கள்.” ஏறக்குறைய சம்மதித்துவிட்டோம். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது. அது குழந்தை விற்பனை. இளைஞர் நீதிச் சட்டத்தின்படி 5 ஆண்டுகள் வரை கடுங்காவல். மருத்துவமனை ஊழியரே செய்தால் 3 முதல் 7 ஆண்டுகள். தண்டனை இருக்கட்டும், அந்தப் பிள்ளை எங்கே போனது என்று எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரிகூட இருந்திருக்காது.

எங்கள் தெரு அங்கன்வாடி அக்காதான் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசச் சொன்னார். அங்கிருந்து, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவுக்கு அனுப்பினார்கள். போலீஸ் வருமோ என்று பயந்துகொண்டே போனோம். குழந்தையை ஒப்படைக்க வரும் பெற்றோர் மீது முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது என்று சட்டத்திலேயே இருப்பதைக் குழு உறுப்பினரான ஓர் அம்மா முதலில் சொன்னார். பிறகுதான் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். திருமணம் ஆகாத தாய் என்பதால் அவள் கையெழுத்து மட்டும் போதும் என்றார்கள். கணவன் மனைவி என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். தொட்டிலில் போட்டிருந்தால் கைவிடப்பட்ட குழந்தை என்று கொண்டு, எங்களையே தேடத் தொடங்கியிருப்பார்கள்.

அவளைத் தனியாக விசாரித்தார்கள். என்னை வெளியே அனுப்பினார்கள். பிறகு என்னிடம், “நீங்கள் கட்டாயப்படுத்துகிறீர்களா?” என்று கேட்டார்கள். முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. ஆனால் கேட்டது சரி. குடும்ப மானத்துக்காகப் பிள்ளையைப் பறிக்கும் அக்காக்களும் அம்மாக்களும் உண்டு. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். பணம்தான் சிக்கல் என்றால் மிஷன் வாத்சல்யா என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு முயலலாம் என்று ஆற்றுப்படுத்துநர் சொன்னார். தங்கை யோசித்தாள். பணம் மட்டுமல்ல என்றாள்.

ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திடும்போது குழந்தைக்கு 11 நாள். அந்தக் குழு உறுப்பினர் அம்மா வரிவரியாக விரல் வைத்துத் தமிழில் வாசித்தார். 60 நாட்களுக்குள் மனம் மாறினால் திரும்பப் பெறலாம், அதற்குப் பின் உரிமை கோர முடியாது என்ற இடத்தில் நிறுத்தி, “புரிந்ததை உன் வாயால் சொல் கண்ணு” என்றார்.

“அறுபது நாளுக்குள் வந்தால் என் பிள்ளை. வராவிட்டால் வேறொருவர் பிள்ளை.”

கையெழுத்திட்டாள். நானும் இன்னொருவரும் சாட்சி. உள்ளே குழந்தை அழுத சத்தத்தில் அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். பால் கட்டி வலிக்கும், காய்ச்சல் வரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒப்படைக்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6 வயதுக்குக் கீழ் என்பதால் குழந்தை தத்தெடுப்பு மையத்துக்குப் போனது. வீட்டில் அவள் தினசரிக் காலண்டரில் எண்ணிப் பார்த்து அறுபதாம் நாள் தாளின் முனையை மடித்து வைத்தாள். தினமும் காலையில் தாள் கிழிப்பது அம்மாவின் வழக்கம். அந்த இரண்டு மாதமும் அதைத் தொடவில்லை. தங்கையே கிழித்தாள். நாற்பத்தொன்றாம் நாள் குளித்து, சின்னச் சட்டை இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையம் வரை போனாள். நானும் கூடப் போனேன். இரண்டு பஸ் போய்விட்டது. மூன்றாவது வருமுன் எழுந்து, “வீட்டுக்குப் போகலாம் அக்கா” என்றாள். நான் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த நாட்களில் சொந்தக்காரர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அவளுக்குச் செய்யும் உதவி. பச்சை உடம்புக்கு 60 நாள் போதாது என்றே நினைக்கிறேன். ஆனால் யாருடைய மடியும் இல்லாமல் மையத்தில் கிடக்கும் குழந்தைக்கு அது நீளம்தான்.

மடித்த தாளையும் அவளே கிழித்தாள். அதன்பின் குழுவின் மூன்று உறுப்பினர்கள் கையெழுத்திட்டால்தான் குழந்தை தத்துக்குச் சட்டப்படி விடுவிக்கப்படும். அதுவும் ஆயிற்று. யார் எடுத்தார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

பத்திரம் எழுதிய அன்றே, பின்னாளில் பிள்ளை தேடி வந்தால் உன் விவரத்தை மறைக்க வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்றாள். தான் தங்கியிருந்த விடுதியின் முகவரியை எழுதப் போனவள் அதை அடித்துவிட்டு எங்கள் வீட்டு முகவரியை எழுதினாள், என் கைப்பேசி எண்ணையும். அந்த எண்ணை நான் இன்னும் மாற்றவில்லை.