செந்துரு போகணும், கருந்துரு நிற்கணும்: பழைய இரும்பு ட்சுபா ஒன்றைச் சுத்தம் செய்த விதம்

ஜப்பானிய வாளில் அலகுக்கும் பிடிக்கும் நடுவே செருகியிருக்கும் கைக்காப்புத் தகடுதான் ட்சுபா. நான் எடுத்துக்கொண்டது செய்தவர் பெயர் பொறிக்காத இரும்பு ட்சுபா: உயரம் 7.6 செ.மீ., அகலம் 7.4 செ.மீ., விளிம்பின் கனம் 5 மி.மீ., எடை 92 கிராம். தகட்டை ஊடறுத்து உருவம் வெட்டிய 'சுகாஷி' வேலை. ஒரு முகம் முழுக்கச் செந்துரு. தினம் அரை மணி நேரம் என்று ஐந்து வாரம் பிடித்தது.

இரும்பில் துரு இரண்டு வகை. கருந்துரு இறுகிப் படிந்து இரும்பைக் காக்கும். செய்தவரே வேண்டுமென்று ஏற்றிய நிறம் அது. செந்துரு பொருபொருவென்று ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மேலும் அரிக்கும். மேலே உள்ள செந்துருவை எடுக்க வேண்டும், அடியில் உள்ள கருந்துருவைத் தொடக்கூடாது. அமிலத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. புளி, எலுமிச்சை, வினிகர், கடையில் விற்கும் துரு நீக்கி எதுவானாலும் இரண்டையும் சேர்த்தே கரைத்துவிடும். மிஞ்சுவது சாம்பல் நிற வெற்று இரும்பு. உப்புத்தாளும் கம்பி நாரும் அதைவிட மோசம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிய பழக்கத்தை இங்கே கொண்டுவரவே கூடாது.

கை வைப்பதற்கு முன் 10 மடங்கு லென்ஸில் இரு முகத்தையும் பார்த்துவிட வேண்டும். இரும்பில் நுண்ணிய குறுக்குக் கீறல் போட்டு, அதன்மேல் தங்கத் தகட்டை அடித்துப் பதிப்பது 'நுனொமே ஸோகான்'. துரு அந்தத் தகட்டுக்கு அடியில் புகுந்திருந்தால், சுரண்டும்போது தங்கமும் உரிந்து வரும். தங்கப் பொட்டு ஒன்று தெரிந்தாலும் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். விளிம்பில் மேடு மேடாகத் தெரிபவை 'டெக்கொட்சு'வாகவும் இருக்கலாம். கடினமான இரும்புத் துணுக்குகள் புடைத்து நிற்பவை அவை. சேகரிப்பாளர்கள் தேடுவதே அதைத்தான். துருக்கட்டி என்று நினைத்து அராவிவிடுகிறவர்கள் உண்டு. துருக்கட்டி மங்கலாக இருக்கும், சுரண்டும் கருவியான எலும்பின் நுனி பட்டால் பொடி உதிரும். டெக்கொட்சு வழவழப்பாக இருக்கும், நுனி வழுக்கிக்கொண்டு போகும்.

கருவி எலும்புதான். செந்துருவைப் பெயர்க்கும் அளவு கடினம், கருந்துருவைக் கீறாத அளவு மென்மை. யானைத் தந்தமும் மான் கொம்பும் பழைய வழக்கம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டின் வியாபாரமும் குற்றம், அந்தப் பக்கமே போக வேண்டாம். கறிக்கடையில் கிடைக்கும் மாட்டு நல்லி எலும்பு போதும். மஜ்ஜையை எடுத்து, சோப்புத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் வேகவைத்து, ஒரு வாரம் வெயிலில் காயவைக்க வேண்டும். கொழுப்பு மிஞ்சினால் இரும்பில் பிசுக்காக அப்பிக்கொள்ளும். பிறகு விரல் நீளத் துண்டுகளாக அறுத்து, ஒன்றை உளி வாய் போலவும் இன்னொன்றைக் கூராகவும் அரத்தால் தீட்டினேன். எலும்புத் தூள் மூச்சில் போகாமல் முகக்கவசம் அவசியம்.

தையல் மிஷின் எண்ணெயைத் தடவி மூன்று நாள் ஊறவிட்டேன். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். நாளானால் சிக்கெடுக்கும். ஊறியதும் காசளவு இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எலும்பைச் சாய்த்துப் பிடித்துச் சின்னச் சின்ன இழுப்பாகச் சுரண்டினால் செம்பொடி வரும். பத்து இழுப்புக்கு ஒருமுறை நுனியைத் துடைக்காவிட்டால், அதில் ஒட்டிய துரு மணலே இரும்பைக் கீறிவிடும். நுனி மழுங்கினால் உடனே தீட்ட வேண்டும். மழுங்கியதை அழுத்தித் தேய்த்தால் துரு போகாது, மேட்டுப் பகுதி மட்டும் பளபளக்கும். இரண்டாம் வாரம் இரண்டு இடத்தில் அப்படித்தான் ஆனது. சுகாஷித் துளைகளின் உள்சுவர்தான் அதிக நாள் வாங்கியது. மெல்லிய எலும்பு அங்கே ஒடிகிறது, சீவிய மூங்கில் குச்சி தாங்குகிறது. ஆழமான குழிகளில் உள்ள துருவைத் தோண்டவில்லை.

வாளின் நாக்கு, அதாவது பிடிக்குள் போகும் அலகின் அடிப்பகுதி, நுழையும் நடுத் துளையையும் தொடவில்லை. அதற்குள் இருக்கும் துரு, 'செகிகானே' என்ற செம்புத் துண்டுகள், சுற்றிலும் உளியால் அடித்த தடங்கள் எல்லாம் இந்த ட்சுபா வாளில் பூட்டப்பட்டதற்கான சாட்சி. அதைச் சுத்தம் செய்தால் வரலாறே போய்விடும்.

இவை எல்லாம் இரும்புக்கு மட்டும். செம்பில் சில சதவீதம் தங்கம் கலந்த 'ஷாகுடோ'வின் நீலக்கருப்பு, ரசாயனக் கரைசலில் கொதிக்கவைத்து வரவழைத்த மிக மெல்லிய படலம். பித்தளை பாலிஷ் ஒரு தேய்ப்பு பட்டால் அடியில் செம்பு தெரிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு மென்சோப்பு, பருத்தித் துணி, உடனே ஈரம் துடைப்பது. அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

வெள்ளைத் துணியில் செந்நிறம் படாமல் வந்த நாளில் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, மீதி எண்ணெயைத் துடைத்தெடுத்தேன். எண்ணெய் தங்கினால் தூசு சேரும், புதுத் துருவும் கண்ணுக்குத் தெரியாது. இப்போது தினம் பத்து நிமிடம் பழைய பருத்தி வேட்டித் துணியால் தேய்ப்பது மட்டும்தான். கருப்பு மெல்ல மெல்ல ஆழமாகிக்கொண்டு வருகிறது. விரல் வியர்வையின் உப்பே செந்துருவைக் கிளப்பும் என்பதால் ஓரத்தை மட்டும் பிடிக்கிறேன். சிலிக்கா ஜெல் போட்ட மரப்பெட்டியில் வைத்து, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். சிவப்புப் புள்ளி தெரிந்தால் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி எலும்பு.