டீசல் ஃபோர் வீல் டிரைவில் கேஸ் ஏற்றிப் பார்த்தேன்: மூன்று மாதக் கணக்கு

வண்டி பழைய 2.8 லிட்டர் டர்போ டீசல். பம்ப் முழுக்க மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேடு ஏறினால் மூச்சு வாங்கும், பின்னால் கரும்புகை கக்கும். இரண்டுக்கும் எல்.பி.ஜி. நல்ல மருந்து என்று கேள்விப்பட்டுத்தான் இறங்கினேன். டீசல் செலவு பாதியாகும் என்று சொன்னவர்களும் உண்டு, அதை அப்போதே நம்பவில்லை.

பெட்ரோல் வண்டியை கேஸுக்கு மாற்றுவதுபோல இது கிடையாது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. எல்.பி.ஜி.யில் இருக்கும் புரொப்பேன் தானாகப் பற்ற 450 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், டீசலுக்கு 200 சொச்சம் போதும். அதனால் டீசல்தான் தீக்குச்சி, அது எப்போதும் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கேஸ் உள்ளே போகும் காற்றோடு கலந்து கூடவே எரியும், அவ்வளவுதான்.

டேங்கையும் உயர் அழுத்தக் குழாயையும் உரிமம் பெற்ற ஒருவரிடம் விட்டுவிட்டேன். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். வண்டிக்கான டேங்கில் 80 சதவீதத்தோடு நிரப்புவதை நிறுத்தும் வால்வு இருக்கும், அழுத்தம் கூடினால் திறக்கும் வால்வு இருக்கும். அடுப்புச் சிலிண்டரைக் கட்டிவைத்து ஓட்டும் ஆட்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் வண்டிக்கு அடியிலேயே படுத்துக்கிடக்கும். நான் பொருத்திய ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்த பிறகுதான் சாவியைத் தொட்டேன்.

முதல் தவறு மிக்ஸர், அதாவது காற்றோடு கேஸைக் கலக்கும் பாகம். பெட்ரோல் வண்டியிலிருந்து எடுத்த பழைய மிக்ஸரை ஏர் ஃபில்டருக்கும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கும் நடுவில் மாட்டினேன். அது காற்றோட்டத்தைப் பார்த்து கேஸ் விடும். பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் த்ராட்டில் என்ற காற்றுக் கதவு மூடிக் காற்று குறைந்துவிடும், சரி. என் எஞ்சினில் த்ராட்டிலே இல்லை, பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுழற்சிக்கு ஏற்ற காற்று வந்துகொண்டேதான் இருக்கும், ஆக இறக்கத்தில் காலை முழுக்க எடுத்த பிறகும் கேஸ் போய்க்கொண்டிருந்தது. சைலன்ஸரில் எரியாத கேஸின் அழுகிய முட்டைக்கோஸ் வாடை. கழற்றி எறிந்தேன்.

இப்போது இருப்பது எளிய ஏற்பாடு: கேஸ் அளவாக வர ஒரு ஜெட் (சிறு துளை), அதற்கு முன் சொலினாய்டு (மின்சார வால்வு), டர்போ பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், 0.3 பார் தாண்டினால் மட்டும் திறக்கும் சுவிட்ச். கூடவே ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து ஒரு ரிலே; எஞ்சின் சுற்றும்போது மட்டும் அந்த முனையில் சிக்னல் வரும். சாவி போட்டபடியே எஞ்சின் நின்றுபோனால் டேங்க் பக்கத்து சொலினாய்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும். வயரைப் பிடுங்கிவிட்டுச் சோதித்தேன், டக்கென்று மூடியது.

இரண்டாம் வாரம், திரவ கேஸை ஆவியாக்கும் வேப்பரைசர் வெள்ளையாகப் பனி பூத்து உட்கார்ந்திருந்தது! திரவ கேஸ் ஆவியாகும்போது சூட்டை இழுக்கும் என்று தெரிந்துதான் எஞ்சினின் கூலன்ட் (சுடுநீர்) குழாயை அதன் வழியே விட்டிருந்தேன். ஆனால் வண்டிக்குள் இருக்கும் ஹீட்டரின் டேப்புக்கு அப்புறம் இணைத்திருக்கிறேன், மடத்தனம். ஹீட்டரை மூடியதும் சுடுநீரும் நின்றுவிட்டது. டேப்புக்கு முன்னால் மாற்றியதும் சரியானது.

அப்புறம் பேராசை. இழுவை நன்றாக இருக்கிறதே என்று ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினேன். டிரெய்லரோடு நீண்ட ஏற்றம், நிமிடத்துக்கு 2,000 சுழற்சி, திடீரென்று தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கும் சத்தம்: நாக்கிங், கேஸ் கட்டுப்பாடில்லாமல் வெடித்துப் பிஸ்டனை அடிப்பது. புகைக் குழாயில் டர்போவுக்கு முன்னால் வைத்த தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கருவி) 720 டிகிரி காட்டியது. டீசலில் மட்டும் ஓடினால் அதே ஏற்றத்தில் 650 தான். காலை எடுத்தேன், சத்தம் நின்றது. பிஸ்டனைவிட ஜெட் மலிவு, அன்று மாலையே பழையதைத் திரும்பப் போட்டேன்.

கணக்குக்கு வருவோம். டீசலில் மட்டும் 100 கிலோமீட்டருக்கு 12.5 லிட்டர் குடித்தது. இப்போது டீசல் 10.4, கேஸ் 3.1. குறைந்த 2.1 லிட்டர் டீசலில் ஏறத்தாழ 75 மெகாஜூல், அந்த 3.1 லிட்டர் கேஸில் சுமார் 77. சேமிப்பே இல்லை, ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியிருக்கிறேன். கேஸ் மலிவாக இருக்கும்வரை கையில் கொஞ்சம் நிற்கும்.

ஏன் என்று யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. புரொப்பேன் காற்றில் 2.1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சாதாரணக் காற்றில் தானாகத் தீ பரவாது. நான் விடுவது அரை சதவீதம்கூட வராது. அதனால்தான் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) நிறையக் கலவை இருந்தும் பயமில்லாமல் ஓட்டுகிறேன். ஆனால் அதே காரணத்தால் பாரம் குறைவாக இருக்கும்போது டீசல் துளியைச் சுற்றியுள்ள கேஸ் மட்டும் எரிந்து மீதி வீணாக வெளியே போகிறது. பூஸ்ட் சுவிட்சை 0.4-க்கு ஏற்றிப் பார்க்கப்போகிறேன்.

மேட்டில் இப்போது ஒரு கியர் குறைக்காமலே ஏறுகிறது, கண்ணாடியில் கரும்புகை தெரிவதில்லை. அதுவே எனக்குப் போதும். நகருக்குள் கேஸை அணைத்தே வைத்திருக்கிறேன். டேங்க் ஸ்டெப்னி இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதால் சக்கரம் மூன்று மாதமாகப் பின் சீட்டில் பயணம் செய்கிறது, அடுத்த வேலை பின்கதவில் அதற்கு ஒரு தாங்கி வெல்டிங் செய்வது.