அம்மாவோடு ஒரு நாள்: கடல் அணையும் கால்வாய்க் கிராமமும்

கூரை வேய்ந்த வீடு, வாசலில் படிக்கட்டுக்குப் பதில் தண்ணீர், அதன் மேல் வளைந்து நிற்கும் சின்ன மரப்பாலம். நெதர்லாந்தில் இருக்கும் கீத்தோர்ன் கிராமத்தைத் தேடினால் வந்து விழும் படம் இதுதான். அம்மாவின் போனுக்கும் யாரோ அதை அனுப்பியிருந்தார்கள். ஆம்ஸ்டெல்வீனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நாங்கள் வந்திறங்கிய இரண்டாம் நாளே, "இங்க கூட்டிட்டுப் போடி" என்று படத்தை நீட்டிவிட்டாள்.

தனியாகவும் போகலாம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் ஸ்டீன்வைக் போய், அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். அம்மாவின் முழங்காலை நினைத்து, வழிகாட்டியோடு போகும் ஒரு நாள் சுற்றுலாப் பேருந்தில் பதிவு செய்தேன். கீத்தோர்னோடு அஃப்ஸ்லைட்டைக் என்ற கடல் அணையையும் அதில் சேர்த்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால், அணையை நான் பெரிதாக எண்ணவில்லை. வழியில் பேருந்தை நிறுத்தி ஒரு படம் எடுக்க விடுவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

காலையில் அக்கா எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்தாள். பேருந்தில் நாற்பது பேர் இருப்போம். வழிகாட்டிக்கு அறுபது வயது இருக்கும். அணையின் மறுமுனையில் இருக்கும் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்துக்காரர், நரைத்த தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். மைக்கைப் பிடித்ததும் முதலில் ஊர்ப் பெயரை உச்சரிக்கக் கற்றுக்கொடுத்தார். 'கீ' என்று நாம் சொல்வதை அவர்கள் தொண்டையின் அடியிலிருந்து 'ஹீ' என்று உரசிச் சொல்கிறார்கள். அம்மா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் தடவை அவர் கைதட்டினார்.

வடக்கே ஹோர்ன் ஊரைத் தாண்டியதும் நிலம் தட்டையாகிறது. தட்டை என்றால் மேசையைத் துடைத்து வைத்தது போல. "இப்போது நாம் போய்க்கொண்டிருப்பது கடலின் அடித்தளம்" என்றார் வழிகாட்டி. வீரிங்கர்மேர் என்ற அந்த நிலத்தை 1930ல் நீர் இறைத்து மீட்டிருக்கிறார்கள். 1945 ஏப்ரலில், போர் முடியச் சில வாரங்களே இருக்கும்போது, ஜெர்மன் படை கரையை வெடி வைத்துத் தகர்த்து மறுபடியும் மூழ்கடித்துவிட்டது. அந்த வருடக் கடைசிக்குள் திரும்ப இறைத்துக் காயவைத்துவிட்டார்கள். இன்று அங்கே கோதுமையும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. முழுகிய அடையாளமே இல்லை.

டென் ஊவர் தாண்டினால் அணை தொடங்குகிறது. 32 கிலோமீட்டர் நீளம், 90 மீட்டர் அகலம், கடலுக்குக் குறுக்கே நேர்கோடாக ஒரு நெடுஞ்சாலை. வலப்பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். இடப்பக்கம் புல் மூடிய மேடு மட்டும்தான். கடல் தெரியவே தெரியாது. சாலையைவிட அணையின் தலை உயரம். அந்தப் பக்கம் வாடன் கடல் நிற்கிறது என்பதை நம்பித்தான் ஆக வேண்டும். "கடல் எங்கடி?" என்று அம்மா இடப்பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நினைவுக் கோபுரத்தின் பக்கத்தில் நிறுத்தினார்கள். 1932 மே 28 அன்று, பிற்பகல் 1 மணி 2 நிமிடத்துக்கு, அணையின் கடைசி இடைவெளியை மூடிய இடம் அது. கட்டடக் கலைஞர் வில்லெம் டூடாக் வடிவமைத்த கோபுரம். வாழ்கின்ற மக்கள் தம் எதிர்காலத்தைக் கட்டுகிறார்கள் என்ற பொருளில் டச்சு மொழியில் ஒரு வாசகம் செதுக்கியிருக்கிறது. அம்மா கீழேயே இருந்துவிட, நான் மட்டும் மேலே ஏறினேன். காற்று ஆளைத் தள்ளுகிறது. ஆனால் பார்க்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கம் உப்புக் கடல், ஒரு பக்கம் நன்னீர் ஏரி, நடுவே மனிதன் போட்ட ஒரே ஒரு கோடு.

அந்த ஏரிக்கு ஐசெல்மேர் என்று பெயர். 1932 வரை அதுவும் கடல்தான். ஸைடர்ஸே, தெற்குக் கடல் என்று பெயர். நாட்டின் வயிற்றுக்குள் புகுந்து கிடந்த கடல் அது. புயல் வடக்கிலிருந்து அடித்தால் தண்ணீர் அதற்குள் குவிந்து, சுற்றியிருந்த ஊர்களுக்குள் ஏறும். கொர்னேலிஸ் லேலி என்ற பொறியாளர் 1891லேயே அந்தக் கடலின் வாயை அணையால் அடைக்கத் திட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார். யாரும் அசையவில்லை. 1916 ஜனவரியில் வெள்ளம் வந்தது. உலகப் போரில் உணவுத் தட்டுப்பாடு வந்தது. அதன் பிறகுதான், லேலியே அமைச்சராக இருந்தபோது, 1918ல் சட்டம் நிறைவேறியது. வேலை 1927ல் தொடங்கியது. லேலி 1929ல் இறந்துபோனார். அணை மூடியதை அவர் பார்க்கவில்லை.

இன்னொருவரைப் பற்றி வழிகாட்டி சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய ஹெண்ட்ரிக் லோரன்ட்ஸ். கடலின் வாயை அடைத்தால் வெளியே அலையேற்றம் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். 1918 முதல் 1926 வரை, எட்டு வருடம், கையால் போட்ட கணக்கு. அணை ஃப்ரீஸ்லாந்துக் கரையைத் தொடும் இடத்தையே அந்தக் கணக்கை வைத்துத்தான் மாற்றினார்கள். கணினி இல்லாத காலம். படித்த காலத்தில் லோரன்ட்ஸ் என்ற பெயரை ஒரு சூத்திரமாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் ஊரைக் காப்பாற்ற எட்டு வருடம் கணக்கு எழுதியிருக்கிறார் என்று கேட்டபோது மனசு நிறைந்துபோனது.

கீழே இறங்கி வந்தால் அம்மா ஒரு சிலையின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கல் பதிப்பவர் சிலை. ஒரு தொழிலாளி இடுப்பை மடித்துக் குனிந்து, கையில் கல்லோடு. முகம் கீழே பார்த்திருப்பதால் முதுகுதான் கண்ணில் படும். "நாத்து நடுறவங்க குனியிற மாதிரியே குனிஞ்சிருக்கான் பாரு. இந்த இடுப்பு சாயங்காலம் என்ன வலி வலிச்சிருக்கும்" என்றாள் அம்மா.

அணையை எப்படிக் கட்டினார்கள் என்பதை அங்கே நின்றுதான் கேட்டோம். வில்லோ மர விளார்களைப் பின்னிப் பெரிய பெரிய பாய்களாக்கி, மிதக்கவிட்டு இழுத்து வந்து, மேலே கல்லைக் கொட்டிக் கடலடியில் அமிழ்த்தினார்கள். மண் அரித்துப் போகாமல் இருக்க அந்தப் பாய். அதன் மேல், கடலடியிலிருந்தே தோண்டிய கெட்டியான களிமண். கற்கள் கலந்த அந்தக் களி மணலைப்போல் கரைந்து ஓடாது. அப்புறம் மணல், அதன் மேல் களி, சரிவில் கல். இடைவெளி குறையக் குறைய, அதன் வழியே பாயும் ஓதத்தின் வேகம் கூடிக்கொண்டே போகும். கடைசி சில மீட்டரில்தான் பெரிய போராட்டம். ஏரிக்கரைச் சரிவில் அந்தக் காலத்துக் கருங்கற்களைப் பார்த்தோம். பட்டை பட்டையாக, பெரும்பாலும் ஐந்து ஆறு முகம் கொண்ட எரிமலைக் கற்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவம், ஆனாலும் பல்வரிசைபோல ஒன்றோடொன்று பொருந்தியிருக்கிறது. இடுக்கில் விரல் நுழைத்துப் பார்த்தேன், நகம்தான் போனது. ஒவ்வொரு கல்லுக்கும் அதற்குச் சேரும் பக்கத்துக் கல்லை ஒரு மனிதர் குனிந்து தேடியிருக்கிறார்.

கடல் பக்கச் சரிவு இப்போது மாறிவிட்டது. கடல்மட்டம் உயர்வதால், 2019லிருந்து அணையை உயர்த்திப் பலப்படுத்தும் வேலை நடந்துவருகிறது. ஒவ்வொன்றும் 6.5 டன் எடையுள்ள கான்கிரீட் கட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ஐசெல் ஆறு கொண்டுவரும் தண்ணீர் ஏரியில் சேர்ந்துகொண்டே இருக்கும்; அதைக் கடலுக்குள் விட வேண்டும். கடல் வற்றும் நேரத்தில் மதகைத் திறந்தால் தானாக வடிந்துவிடும். இரண்டு இடங்களில், மொத்தம் 25 மதகுகள். கடல் உயர்ந்தால் அந்த வடியும் நேரம் குறைகிறது. அதனால் டென் ஊவரில் பெரிய பம்புகளையும் சேர்க்கிறார்கள். மீன்கள் கடலுக்கும் ஏரிக்கும் போய்வர அணையின் ஊடாகத் தனியாக ஓர் ஆறும் வெட்டுகிறார்கள்.

மீன் என்றதும் வழிகாட்டியின் குரல் மாறியது. அவருடைய தாத்தா ஸைடர்ஸேயில் மீன் பிடித்தவராம். அணை மூடியதும் தண்ணீர் சில வருடங்களில் நன்னீராகிவிட, நெத்தலியும் ஹெர்ரிங்கும் போய்விட்டன. அரசு நிவாரணச் சட்டம் போட்டது, உண்மைதான். "தாத்தாவுக்குப் பணம் கிடைத்தது, கடல் கிடைக்கவில்லை" என்றார். பெருமையும் வருத்தமுமாக அவர் அந்த அணையைப் பற்றிப் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் தெரியும், இரண்டும் ஒரே வாயிலிருந்து வரலாம் என்று.

அரை மணி நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். இது மட்டும் எனக்குக் குறைதான். கீத்தோர்னில் மூன்று மணி நேரம் கொடுத்தவர்கள் இங்கே இன்னும் அரை மணி கொடுத்திருக்கலாம். போகிறவர்கள் நல்ல காற்றுத் தடுப்பு உடை எடுத்துப் போங்கள். மே மாதத்திலும் காது விறைத்துவிடும். சாப்பாட்டைப் பேருந்துக்குள்ளேயே முடித்துக்கொண்டோம். பின்னால் உட்கார்ந்திருந்த பிரேசில் தம்பதிக்கு அம்மா வறுவல் கொடுத்தாள்.

கீத்தோர்னைப் பற்றி என்ன சொல்ல? படத்தில் இருப்பது போலவே இருக்கிறது. 170க்கு மேல் பாலங்கள், பெரும்பாலானவை ஒரே ஒரு வீட்டுக்குப் போகிறவை. பழைய ஊர்ப் பகுதியில் கார் போகாது, நடைபாதையும் தண்ணீரும்தான். கால்வாய் ஒரு மீட்டர் ஆழம்தான், விழுந்தால் எழுந்து நின்றுகொள்ளலாம். மூடிய படகில் ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டினார்கள். மின்கலத்தில் ஓடும் சின்னப் படகுகளை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டவும் செய்யலாம். சத்தம் வராததால் 'கிசுகிசுப் படகு' என்று பெயர். எதிரில் வந்த ஒரு குடும்பம் பாலத்தூணில் இடித்து, கரைப்பலகையில் இடித்து, எங்கள் படகிலும் இடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனது.

அம்மாவின் கேள்விகள் வேறு. "பீரோ வாங்குனா எப்படிக் கொண்டு வருவாங்க? மாடு?" படகில்தான். மாட்டையும் வைக்கோலையும் கல்யாணப் பெண்ணையும் படகில்தான் கொண்டுபோனார்கள். நீளக் கழியால் ஊன்றித் தள்ளும் அந்த மரப் படகுக்கு 'பூன்டர்' என்று பெயர். சில வீடுகளின் பின்பாதி, முன்பாதியைவிட ஒட்டகத் திமில்போல உயர்ந்து நிற்கிறது. நிலம் குறைவு, வைக்கோலை மேலேதான் அடுக்க வேண்டும். அதனால் கூரையைத் தூக்கிக் கட்டினார்கள். கூரை வேய்வது பக்கத்துச் சதுப்பில் குளிர்காலத்தில் அறுக்கும் நாணல். முன்பு ஏழைகளின் கூரை அது. இன்று ஓட்டுக் கூரையைவிடச் செலவு அதிகம்.

மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர். வாசல்களில் 'தனியார் இடம்' என்ற பலகைகள் நிறைய. ஒரு வீட்டில் ஒரு பாட்டி ஜன்னலோரம் எதையோ உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் படகிலிருந்து ஆறேழு போன்கள் அவர் பக்கம் திரும்பின. அம்மா என் கையைத் தட்டி போனை இறக்கச் சொன்னாள். இறக்கிவிட்டேன்.

ஆனால் இந்தக் கால்வாய்கள் அழகுக்காக வெட்டியவை அல்ல. இது முழுக்கக் கரிமண் பூமி. செடிகொடிகள் நீருக்குள் மட்கிச் சேர்ந்த மண். வெட்டிக் காயவைத்தால் விறகுபோல எரியும். பல நூறு வருடம் அதைத்தான் வெட்டி விற்றார்கள். வெட்டிய பள்ளம் குளமானது. மண்ணைக் கொண்டுபோக வெட்டிய ஓடை கால்வாயானது. நடுவே மிச்சமிருந்த திட்டுகளில் வீடு கட்டினார்கள். ஊர்ப் பெயரும் மண்ணுக்குள்ளிருந்துதான் வந்தது என்பார்கள். முதலில் வந்து தோண்டியவர்களுக்கு ஆட்டுக் கொம்புகள் கிடைத்தனவாம், 1170 வெள்ளத்தில் செத்த ஆடுகள். ஆட்டுக்கொம்புதான் கீத்தோர்ன்.

படகு ஊரைவிட்டு வெளியேறி அகன்ற ஏரிக்குள் வந்தது. வழிகாட்டி தெற்கே கையைக் காட்டினார். அங்கே பியூலாக்கே என்று ஓர் ஊர் இருந்ததாம். கரிமண்ணை அளவுக்கு மீறி வெட்டிவிட்டார்கள். குளங்களுக்கு நடுவே விட்ட வரப்புகள் மெலிந்துபோயின. 1775லும் 1776லும் ஸைடர்ஸே பொங்கி வந்தபோது வரப்புகள் எல்லாம் அடித்துக்கொண்டு போய், குளங்கள் ஒன்றாகி, ஊர் ஏரிக்குள் போய்விட்டது. தேவாலயக் கோபுரம் மட்டும் கொஞ்ச காலம் தண்ணீருக்கு மேல் நின்றதாகச் சொல்வார்கள். 1825ல் கடல் மறுபடி வந்தபோதும் அதிகம் அடிபட்டது இந்த ஓவரைசல் மாகாணம்தான்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. காலையில் பார்த்த அணையும் இந்தக் கிராமமும் இரண்டு இடங்கள் இல்லை. விளம்பரத்தில் 'அழகிய கிராமம்', 'பிரம்மாண்ட அணை' என்று தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். இந்தப் பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ உரித்துக்கொண்டிருக்க முடிவதற்குக் காரணமே அங்கே குனிந்து கல் பதித்தவர்தான். அதை அம்மாவிடம் சொன்னேன். "நான் இங்க வந்ததுமே நெனச்சேன்டி, இவ்வளவு தண்ணி வீட்டு வாசப்படிக்கு ஒரு சாண் கீழ நிக்குது, ஏன் ஏற மாட்டேங்குதுன்னு" என்றாள்.

திரும்பும் வழி நோர்டோஸ்ட்போல்டர், ஃப்ளேவோலாண்ட் வழியாக. அணை மூடிய பிறகு ஏரிக்குள் கரை கட்டி, நீர் இறைத்து எடுத்த நிலம். 1986ல் தனி மாகாணமே ஆகிவிட்டது. அதன் தலைநகருக்கு லேலியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், லேலிஸ்டாட். சாலையோரம் டூலிப் வயல்களில் பூவை அரிந்துவிட்டு வெறும் தண்டோடு விட்டிருந்தார்கள். கிழங்கு பெருக்க அப்படிச் செய்வதாம். உர்க், ஸ்கொக்லாண்ட் என்று இரண்டு தீவுகள் இருந்த இடம் இது. இப்போது அவற்றுக்குக் காரில் போகலாம். ஸ்கொக்லாண்டைக் கடல் அரித்துத் தின்பது தாங்காமல் 1859லேயே எல்லோரையும் காலி செய்ய வைத்திருக்கிறார்கள். இன்று அதைச் சுற்றிலும் வயல்.

"கடல் மட்டத்துக்கு நான்கு மீட்டர் கீழே போய்க்கொண்டிருக்கிறோம்" என்றார் வழிகாட்டி. பாதிப் பேர் தூங்கிவிட்டிருந்தார்கள். அம்மா தூங்கவில்லை. ஜன்னலில் நெற்றியை ஒட்டி, டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்தபடி, "அவன் தலைக்கு மேல எவ்வளவு தண்ணி நின்னிருக்கும்?" என்று கேட்டாள். கையை உயர்த்திக் காட்டினேன். "அதுக்கும் மேல இருக்கும்" என்றாள்.