நியூ கிளாரஸ்: சீட்டுக் குலுக்கிப் பிரித்த மண்

ஜூலை 8, சனி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கிரீன் கவுண்டியிலுள்ள நியூ கிளாரஸுக்கு வந்தாயிற்று. கடைத்தெரு முழுக்க மரவேலைப்பாட்டுப் பால்கனிகள், பூந்தொட்டிகள், சுவிஸ் கொடிகள். 1845-இல் சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாநிலத்திலிருந்து வந்தவர்களே இப்படிக் கட்டினார்கள் என்று நினைத்துவிடத் தோன்றும். அவர்களுக்கு ஏது அந்த வசதி? நெசவு வேலை போய், விளைச்சலும் பொய்த்தபின் ஊர்ப் பொதுப்பணத்தில் அனுப்பப்பட்ட ஏழைகள் அவர்கள்.

ஜூலை 9, ஞாயிறு

அருங்காட்சியகத்தில் மரக்கட்டைக் குடிசையைப் பார்த்தேன். முன்னதாக வந்த நிக்கலாஸ் டூர்ஸ்ட், ஃபிரிடோலின் ஸ்ட்ரைஃப் இருவரும் 1,280 ஏக்கர் வாங்கி வைத்திருந்தார்கள். ஏப்ரலில் 193 பேர் கிளம்பினார்கள். ஆகஸ்டில் வந்து சேர்ந்தவர்கள் 108 பேர். நிலத்தை இருபது இருபது ஏக்கராக அளந்து, சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். ஆற்றோரத்து நல்ல மண் செல்வாக்குள்ளவனுக்கு என்று ஒதுக்கப்படவில்லை. இந்த ஊரின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

ஜூலை 11, செவ்வாய்

முதலில் கோதுமைதான் போட்டார்கள். மண் சத்திழந்தது, பூச்சியும் விழுந்தது, மாட்டுக்கு மாறினார்கள். கறந்த பாலைத் தொலைவுக்கு அனுப்ப அந்தக் காலத்தில் வழியில்லை. அதனால் பண்ணைகளுக்குப் பக்கத்திலேயே சிறு சிறு சீஸ் ஆலைகள் எழுந்தன. பெரிய செப்புக் கொப்பரையில் பாலை இளஞ்சூடாக்கி உறையவைப்பார்கள். உறைந்ததைக் கம்பி கட்டிய சட்டத்தால் சிறு துண்டுகளாக அறுத்து, கிளறி, துணியில் வாரித் தூக்கி அச்சில் அழுத்துவார்கள். பாலின் நீர் வடிய வடிய அது இறுகும். நாள் தவறாமல் செய்தாக வேண்டிய வேலை. 1887-இல் ரயிலும், 1910-இல் ஹெல்வீஷியா நிறுவனத்தின் சுண்டிய பால் ஆலையும் வந்தபின் ஊர் நிமிர்ந்தது.

ஜூலை 13, வியாழன்

1962-இல் அந்த ஆலை மூடப்பட்டது. சுற்றுலாவை நம்பி ஊர் சுவிஸ் முகப்புகளைக் கட்டத் தொடங்கியது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். இதை வேஷம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆலை ஓடிக்கொண்டிருந்தபோதே, 1938-இல், எட்வின் பார்லோ என்பவர் முன்னின்று, சுவிஸ் மக்களின் பழங்கதை நாயகன் வில்லியம் டெல்லைப் பற்றிய நாடகத்தை இங்கே மேடையேற்றினார், நடித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். பிழைப்புக்காக இல்லாததை இட்டுக்கட்டவில்லை; வீட்டுக்குள் இருந்ததைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள்.

1993-இல் தொடங்கிய மதுபான ஆலை தன் பீரை விஸ்கான்சினுக்கு வெளியே விற்பதில்லை. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,266. ரயில் பாதை இப்போது சைக்கிள் தடம். நாளை அதில் பிராட்ஹெட் பக்கம் போகிறேன்.